நிற்கும் காருக்குத்தான் செலவு அதிகம்: கார் பகிர்வு, ஓர் எளிய விளக்கம்

காருக்கு என்ன செலவாகிறது என்று கேட்டால் பெரும்பாலானோர் பெட்ரோல் பில்லைத்தான் சொல்வார்கள். அடிக்கடி கையைவிட்டுப் போகும் காசு அது ஒன்றுதானே. ஆனால் ஊருக்குள் மட்டும் ஓடும் காருக்குப் பெட்ரோல் சின்னச் செலவு. ஒரு வீட்டுக் கார் ஆண்டுக்கு 4,000 கி.மீ. ஓடுகிறது, நெரிசலில் சராசரி வேகம் மணிக்கு 20 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஓடிய நேரம் 200 மணி. ஆண்டுக்கு மொத்தம் 8,760 மணி. மீதி 8,560 மணி நேரமும் அது கவர் போர்த்திக்கொண்டு நிற்கிறது. நிற்கும்போதும் விலை இறங்குகிறது, இன்ஷூரன்ஸ் நாள் கரைகிறது, பேட்டரி வடிகிறது, டயர் ரப்பர் கெட்டிப்படுகிறது.

நிற்கும் இந்த நேரத்தை வேறு வீடுகளுக்குப் பயன்படுத்தக் கொடுப்பதுதான் கார் பகிர்வு. இதையும், ஒரே காரில் பலர் சேர்ந்து போவதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் கார் தேவைப்படும் நேரம் வேறு வேறு என்றால் காரைப் பகிரலாம். நேரமும் திசையும் ஒன்று என்றால் பயணத்தைப் பகிரலாம். காலை எட்டரைக்கு எல்லாருக்கும் ஆபீஸ் என்றால் நான்கு வீட்டுக்கு ஒரு கார் என்ற திட்டம் இரண்டாம் நாளே சண்டையில் முடியும். அதே நான்கு பேரும் ஒரே பக்கம் போகிறவர்கள் என்றால் ஒரு காரில் உட்கார்ந்து போய்விடலாம். எது பொருந்தும் என்று அறிய ஒரு வாரம் போதும். ஒவ்வொரு வீடும் கார் எடுத்த நாள், நேரம், போன தூரம் மூன்றையும் குறித்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை எல்லாத் தாளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள்.

கணக்கு

சாலைக்கு வரும்போது 7 லட்சம் ரூபாய் ஆகும் ஒரு சிறிய பெட்ரோல் கார். 8 ஆண்டு கழித்து 2 லட்சத்துக்கு விற்கிறீர்கள். தேய்மானம் 5 லட்சம், அதாவது ஆண்டுக்கு 62,500. முதலாகப் போட்ட பணம் வங்கியில் கிடந்திருந்தால் வட்டி வந்திருக்கும். காரில் முடங்கியிருக்கும் சராசரித் தொகை 4.5 லட்சம், 7 சதவீதம் போட்டால் 31,500. இன்ஷூரன்ஸ் சராசரியாக 16,000. புகைச் சான்றிதழ், பேட்டரி, வைப்பர் போன்ற சில்லறைகளுக்கு 2,000. ஆக, வண்டி ஒரு கிலோமீட்டர்கூட ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு 1,12,000 ரூபாய். இது நிலைச் செலவு.

ஓடினால் ஆகும் செலவு தனி. லிட்டர் 100 ரூபாய், ஊருக்குள் மைலேஜ் 15 என்றால் கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 6.67. 18,000 ரூபாய்க்கு வாங்கும் நான்கு டயர் 40,000 கி.மீ. உழைத்தால் 45 காசு. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ், 8,000 ரூபாய்; அது 80 காசு. கூட்டினால் 7.92, எட்டு ரூபாய் என்றே வைத்துக்கொள்ளலாம்.

இப்போது 4,000 கி.மீ. ஓட்டும் தனி வீட்டுக்கு நிலைச் செலவு மட்டும் கிலோமீட்டருக்கு 28 ரூபாய். ஓட்டச் செலவும் சேர்ந்தால் ஏறக்குறைய 36. உங்கள் ஊர் கால் டாக்ஸி வாடகையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சொந்தக் கார் மலிவு என்ற எண்ணம் பல வீடுகளில் இந்த இடத்தில் உடைந்துபோகும்.

அதே கார் மூன்று வீட்டுக்கு, ஆளுக்கு 4,000 கி.மீ., மொத்தம் 12,000. அதிகம் ஓடிய வண்டி என்பதால் விற்கும்போது 2 லட்சத்துக்குப் பதில் 1.5 லட்சம்தான் கிடைக்கும் என்று கொள்வோம். வட்டியில் வரும் சிறு குறைவை விட்டுவிட்டால், நிலைச் செலவு ஆண்டுக்கு 6,250 கூடி 1,18,250 ஆகிறது. பன்னிரண்டாயிரத்தால் வகுத்தால் 9.85. ஓட்டச் செலவோடு 17.77. தனியாக வைத்திருந்தால் ஆண்டுக்கு 1,43,680 ரூபாய் செலவழிக்கும் வீடு, பகிர்ந்தால் சுமார் 71,100 ரூபாயில் அதே தூரத்தை ஓட்டிவிடுகிறது. இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வண்டி விலை, உங்கள் ஊர் மைலேஜ், உங்கள் பாலிசித் தொகையைப் போட்டுப் பாருங்கள். வடிவம் மாறாது. குறைவாக ஓட்டுகிறவருக்குத்தான் பகிர்வில் லாபம் அதிகம். ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓட்டுகிறவருக்கு மிச்சமும் குறைவு, கார் அவர் கையில் இல்லாத நேரமும் தொந்தரவு.

பசுமை எங்கிருந்து வருகிறது?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு. லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் காரில் அது கிலோமீட்டருக்கு 153 கிராம். வண்டி ஒரு வீட்டுடையதா மூன்று வீட்டுடையதா என்று புகைக்குழாய்க்குத் தெரியாது. மூன்று காருக்குப் பதில் ஒன்றைத் தயாரித்தால் போதும் என்ற மிச்சம் உண்டுதான். ஆனால் பெரிய மாற்றம் ஓட்டுகிறவர் மனதில் நடக்கிறது.

சொந்தக் காருக்கு நிலைச் செலவைக் கட்டி முடித்துவிட்டோம். அதனால் தெருமுனைக் கடைக்கு எடுத்தால் பெட்ரோல் மட்டும்தான் செலவு போலத் தோன்றும். நாலு கிலோமீட்டர் போய்வர 27 ரூபாய், ஆட்டோவைவிடக் குறைவு, எடு சாவியை. பகிர்வுக் காரில் அந்த நாலு கிலோமீட்டருக்கும் ஒரு பங்கு நிலைச் செலவு ஏறுகிறது. இப்போது நடக்கலாமா, பஸ்ஸில் போகலாமா என்று ஒரு நொடி யோசனை வரும். பகிர்வு பசுமையாவது அந்த ஒரு நொடியில்தான்.

ஆகவே விலையை எப்படி வைப்பது என்பதுதான் இதில் நுணுக்கமான வேலை. எல்லா நிலைச் செலவையும் மாதச் சந்தாவாக வாங்கினால் வீட்டுக்கு மாதம் சுமார் 3,300. ஓட்டத்துக்கு 8 ரூபாய். பொது நிதிக்குத் தட்டுப்பாடு வராது. ஆனால் ஓட்டம் மலிவாகத் தெரியும், சொந்தக் கார் புத்தி திரும்பிவிடும். மாறாக, சந்தாவை 1,500 ஆக வைத்து, கிலோமீட்டருக்கு 14 ரூபாய் வாங்கிப் பாருங்கள். 12,000 கி.மீ. ஓடினால் வரவு 2,22,000, செலவு 2,13,290. கையில் கொஞ்சம் மிஞ்சும். எல்லாரும் ஓட்டத்தைக் குறைத்து 9,000-க்கு வந்துவிட்டால்? வரவு 1,80,000, செலவு 1,89,530. நல்ல பழக்கத்துக்குப் பரிசாக நிதியில் 9,530 துண்டு விழும். இதற்குப் பயந்து ஓட்ட விலையைக் குறைக்க வேண்டாம். ஆண்டு முடிவில் துண்டையோ மிச்சத்தையோ சமமாகப் பங்கிட்டுக்கொள்வோம் என்று முதலிலேயே எழுதி வைத்துவிட்டால் போதும். சீட்டுக் கட்டிப் பழகியவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தெரியாது.

மின்சாரக் கார் இந்தக் கணக்கில் தனி இடம் பிடிக்கிறது. அதன் வாங்கும் விலை அதிகம், ஓட்டச் செலவு மிகக் குறைவு. சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து, சின்ன மின்காருக்குக் கிலோமீட்டருக்கு 0.15 யூனிட் பிடிக்கும் என்றால், யூனிட் 8 ரூபாயில் 1.20. பெட்ரோலுக்கு 6.67. நிலைச் செலவு மிகுந்து ஓட்டச் செலவு குறைந்த வண்டி எதுவோ, அதுதான் பலர் கையில் ஓடவேண்டிய வண்டி. ஒரு வீடு மட்டும் வைத்திருந்து ஆண்டுக்கு 4,000 கி.மீ. ஓட்டினால் மின்காருக்குக் கூடுதலாகக் கொடுத்த விலையை மீட்பது கடினம்.

புகைக் கணக்கிலும் ஒரு விஷயம் பலருக்கு வியப்பாக இருக்கும். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. நிலக்கரியின் பங்கு அவ்வளவு. 0.15 யூனிட்டுக்கு அது 105 கிராம். தனி ஆளாக மின்காரில் போகிறவருக்குக் கிலோமீட்டருக்கு 105 கிராம் என்றால், பெட்ரோல் காரில் இருவராகப் போனால் ஆளுக்கு 77, நால்வராகப் போனால் 38. காலி இருக்கைகளோடு ஓடும் மின்காரைவிட, நிரம்பி ஓடும் பழைய பெட்ரோல் கார் பசுமையானது. மின்காரே நிரம்பி ஓடினால் அதைவிட நல்லது, சொல்லத் தேவையில்லை.

பழைய யோசனைதான்

செல்போன் செயலி வந்த பிறகு பிறந்த யோசனை இது என்று நினைக்க வேண்டாம். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் 1948-லேயே செஃபாகே என்ற கூட்டுறவுச் சங்கம் காரைப் பொதுவில் வைத்து ஓட்டியது. அதே நாட்டில் 1987-இல் தொடங்கிய இரண்டு சங்கங்கள் 1997-இல் இணைந்து மொபிலிட்டி என்ற கூட்டுறவாயின, இன்றும் இயங்குகிறது. தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருக்கும் சிங்கப்பூரிலும் 1997-இல் கார் கூட்டுறவு வந்தது. அங்கே கார் வாங்குவதற்கு முன் உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்கவேண்டும். அந்தச் சான்றிதழின் விலையே பலருக்கு எட்டாது.

எடுத்த இடத்திலேயே திரும்ப விடுவது ஒரு வகை. போய்ச்சேரும் இடத்திலோ அங்குள்ள நிலையத்திலோ விட்டுவிட்டுப் போகலாம் என்பது இன்னொரு வகை. இரண்டாவது கேட்க இனிக்கும். நடத்துவது கஷ்டம்: காலையில் எல்லா வண்டியும் ஒரு பக்கம் போய்க் குவிந்துவிடும், திருப்பிக் கொண்டுவர ஆள் வேண்டும். பாரிஸில் 2011-இல் தொடங்கிய ஆட்டோலிப் என்ற மின்கார்த் திட்டம் அந்த வகைதான். பெருங்கடனில் சிக்கி 2018-இல் மூடப்பட்டது. நான்கு வீடு சேர்ந்து தொடங்குகிறவர்கள் முதல் வகையைத் தாண்டி யோசிக்கவே வேண்டாம்.

சட்டம், இன்ஷூரன்ஸ்

இந்தியாவில் இதைச் செய்யும்போது முதலில் நம்பர் பலகையைப் பாருங்கள். வெள்ளையில் கறுப்பு எழுத்து, சொந்த உபயோகத்துக்கு, அதாவது ஓன் போர்டு. மஞ்சளில் கறுப்பு, வாடகை வண்டி. கறுப்பில் மஞ்சள், நாமே எடுத்து ஓட்டும் வாடகைக் கார். சொந்த மின்காருக்குப் பச்சையில் வெள்ளை. ஓன் போர்டு காரை வாடகைக்கு விட்டால், பெர்மிட் இல்லாமல் ஓட்டியதாக மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு பாயும். 2019 திருத்தத்துக்குப் பின் அபராதம் 10,000 ரூபாய், சிறையும் உண்டு. முறைப்படி கறுப்பு போர்டு எடுத்துவிடலாமே என்றால், 1989-ஆம் ஆண்டின் வாடகைக் கார்த் திட்டம் குறைந்தது 50 கார் கேட்கிறது. நான்கு வீட்டுக் கூட்டத்துக்கு அந்தக் கதவு அடைத்தேயிருக்கிறது.

எனவே, சிறு குழு வாடகை என்ற பக்கமே போகக்கூடாது. ஒரு வீட்டுக்காரர் தன் காரைக் கொடுத்து மற்றவரிடம் கிலோமீட்டருக்குக் காசு வாங்குவது வாடகை போலவே தெரியும். மூவரும் ஆளுக்கு 2,33,000 போட்டு வாங்கிய வண்டி, பொது வங்கிக் கணக்கு, அதிலிருந்தே பெட்ரோலும் சர்வீஸும், யாருக்கும் லாபமில்லை என்பது வேறு ஏற்பாடு. முத்திரைத்தாளில் அதை எழுதி, இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குக் கடிதம் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் 1988-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், சேர்ந்து போகிறவர்கள் லாபமில்லாமல் பயணச் செலவைப் பங்கிட்டால் இன்ஷூரன்ஸ் விஷயத்தில் அது வாடகை ஆகாது என்று எழுதியே வைத்திருக்கிறது. நம் சட்டத்திலும் அப்படித் தெளிவாக ஒரு வரி இருந்திருந்தால் குழப்பம் குறைந்திருக்கும்.

தனிக் கார் பாலிசியில் ‘வாடகைக்கோ கூலிக்கோ பயன்படுத்தினால் பொருந்தாது’ என்ற வரி இருக்கும். ஓட்டுநர் பகுதியில், செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யாரும் ஓட்டலாம் என்றிருக்கும். ஆகவே பக்கத்து வீட்டார் ஓட்டுவது பிரச்சினையில்லை. பிரச்சினை வேறிடத்தில். கட்டாயமாக எடுக்கும் 15 லட்ச ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பீடு, ஆர்.சி. என்ற பதிவுச் சான்றில் பெயர் உள்ள உரிமையாளருக்கு மட்டும்தான். மற்ற இருவர் ஓட்டும்போது அடிபட்டால் அது கைகொடுக்காது. அவர்கள் தங்களுக்கென்று தனி விபத்துக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். இதைப் படிக்காமல் தொடங்கும் குழுக்கள்தான் அதிகம்.

அடுத்தது, நோ கிளைம் போனஸ். ஓராண்டு கிளைம் இல்லையென்றால் 20 சதவீதத் தள்ளுபடி, பிறகு 25, 35, 45, ஐந்தாம் ஆண்டில் 50. யாரோ ஒருவர் பம்பரைச் சுவரில் உரசி 6,000 ரூபாய்க்குக் கிளைம் போட்டால், மூன்று வீட்டுக்கும் அந்தத் தள்ளுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். அதனால் ஒரு தொகையை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். உதாரணமாக 10,000 வரைக்கும் உரசியவர் தன் பையிலிருந்து டிங்கரிங் பெயின்டிங் பார்த்துவிட வேண்டும். அதற்கு மேல் என்றால் கிளைம். இழந்த தள்ளுபடியின் ஒரு பங்கும் அவர் தலையில்.

ஆர்.சி.யில் பெயர் உள்ளவரின் சுமை மற்றவர்களுக்குப் புரிய வேண்டும். விபத்து நடந்தால், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினால், விட்டவருக்கும் 5,000 ரூபாய் அபராதம். 18 நிரம்பாத பிள்ளை கையில் சாவி போனால் 25,000 ரூபாயும் மூன்றாண்டு வரை சிறையும் உரிமையாளரைத் தேடி வரும். ஆகையால் ஒவ்வொருவர் லைசென்ஸ் நகலும், அது முடியும் தேதியும் குழுவில் இருக்கட்டும். சாவி எந்த வீட்டிலும் ஆணியில் தொங்க வேண்டாம்.

நோட்டு, சாவி, கால் டேங்க்

கார் டேஷ்போர்டுக்குள் ஒரு நீளக் கணக்கு நோட்டு. ஆறு கட்டம்: தேதி, பெயர், எடுத்த நேரமும் மீட்டரும், விட்ட நேரமும் மீட்டரும், போட்ட பெட்ரோல், குறிப்பு. ‘12-ஆம் தேதி, 41,206-இல் எடுத்தேன், 41,233-இல் விட்டேன், பின் இடது கதவில் கீறல் முன்பே இருந்தது’ என்று ஒரு வரி. செயலியில் குறிக்கலாம்தான்; ஆனால் வண்டிக்குள் இருக்கும் நோட்டை மறப்பது கடினம். எடுக்கும்போது நாலு மூலையையும் செல்போனில் படம் பிடித்துக் குழுவில் போட வேண்டும். அதிகப்படி என்று தோன்றும், முதல் கீறல் வரும்வரை.

நேரத்தைக் குறிப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. சிக்னலில் விழும் இ-சலான் சில நாள் கழித்து ஆர்.சி.காரர் செல்போனுக்குத்தான் வரும். அன்று மாலை 6.40-க்கு ஓட்டியது யார் என்பதற்கு நோட்டுதான் சாட்சி. ஃபாஸ்டேக்கில் கழியும் சுங்கக் காசும் அப்படியே.

பெட்ரோலை ‘நான் ஓட்டியதற்கு நான் போட்டுக்கொள்கிறேன்’ என்று விட்டால் கணக்கு கோணிப்போகும். நெரிசலில் ஏசி போட்டு நின்றவரும், பைபாஸில் ஓட்டியவரும் ஒரே தூரத்துக்கு வேறு வேறு அளவு எரித்திருப்பார்கள். யார் போட்டாலும் பில்லைப் பொது நிதியில் வாங்கிக்கொண்டு, கிலோமீட்டருக்கு ஒரே விலை வைப்பதுதான் நிம்மதி. விலை சரியா என்று பார்க்க இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஃபுல் டேங்க் போட்டு, மீட்டரைக் குறித்து, அடுத்த ஃபுல் டேங்க்கில் எத்தனை லிட்டர் பிடித்தது என்று வகுத்துப் பாருங்கள். விதி ஒன்று மட்டும் கறாராக இருக்கட்டும்: கால் டேங்க்குக்குக் கீழே வண்டியை விடக்கூடாது. இரவு பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு எடுப்பவர் பங்க்கில் நிற்கக்கூடாது.

மின்கார் என்றால் அந்த விதி ‘வந்ததும் பிளக்கில் போடு’ என்றாகும். 24 யூனிட் பேட்டரி, 15 ஆம்பியர் பிளக்கில் கிட்டத்தட்ட எட்டு ஒன்பது மணி நேரம் பிடிக்கும். இரவு மறந்தால் காலையில் ஓட்டுகிறவர் அம்போ. அந்தப் பிளக்குக்குத் தனி லைனும் நல்ல எர்த்தும் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் மணிக்கணக்கில் ஓடும் கரன்ட்டில் பிளாஸ்டிக் உருகும்.

எல்லாருடைய வண்டிக்கும் யாரும் காற்றடிப்பதில்லை. இதுதான் பகிர்வுக் காரின் பிறவி நோய். மாதம் ஒருவர் வண்டிப் பொறுப்பாளர். வாரம் ஒருமுறை டயர் குளிர்ந்திருக்கும்போது, கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவுக்குக் காற்று. ஸ்டெப்னியிலும் பார்க்கவேண்டும், பஞ்சர் ஆனபிறகுதான் அதிலும் காற்றில்லை என்று தெரியவரும். கூலண்ட், வைப்பர் தண்ணீர், பிரேக் சத்தம், மாதம் ஒரு வாட்டர் வாஷ். அவருக்கு அந்த மாதச் சந்தாவில் 300 ரூபாய் கழித்துவிடுங்கள். நன்றிக்காக மட்டும் யாரும் மூன்று மாதத்துக்கு மேல் காற்றடிக்க மாட்டார்கள்.

முன்பதிவு எப்போது முட்டும்? சாதாரண நாளில் முட்டாது. வளர்பிறை முகூர்த்தம், பொங்கல், தீபாவளி, நீளமான வார விடுமுறை. இந்த நாட்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே காலண்டரைப் பார்த்து எழுதி, குலுக்கிப் போட்டுச் சுழற்சி வையுங்கள். கிடைக்காதவருக்கு அன்றைய டாக்ஸியில் ஒரு தொகை பொது நிதியிலிருந்து. நாலாவது, ஐந்தாவது வீடு சேர ஆசைப்பட்டால் செலவு இன்னும் குறையும் என்று சேர்த்துக்கொள்ளத் தோன்றும். அந்த ஒரு வாரத் தாளை மறுபடி எடுத்துப் பாருங்கள். ஒரே நேரத்தில் இருவர் கேட்கும் சமயம் வாரத்துக்கு ஒன்றைத் தாண்டினால் வேண்டாம்.

ஒரே பக்கம் போகிறவர்கள்

பயணப் பகிர்வு இதைவிட எளிது. ஒரு வழிக்கு 20 கி.மீ. என்றால் போய்வர 40. எட்டு ரூபாய் வீதம் 320. ஓட்டுகிறவரையும் சேர்த்து நால்வர், ஆளுக்கு 80. ஓட்டுகிறவரை விட்டுவிட்டு மூவர் தலையில் கட்டினால் அது லாபம் பார்ப்பது போலாகிவிடும். இதைவிடச் சுத்தமான வழி, காசே வேண்டாம் என்பது. நாலு பேருக்கும் கார் இருந்தால் வாரம் ஒருவர் வண்டி. கணக்கும் இல்லை, சட்டச் சிக்கலும் இல்லை. 2020 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில், செயலி வழியாகத் தனிக் கார்களில் ஆள் ஏற்றிக்கொள்ள அளவோடு இடம் தரப்பட்டது. நகருக்குள் நாளைக்கு நான்கு நடை என்றிருந்தது. ஆனால் மாநில அரசு தடுத்தால் முடியாது என்றும் இருந்தது. செயலியில் முன்பின் தெரியாதவரை ஏற்றுவதற்கு முன் உங்கள் மாநில நிலவரத்தை ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுவிடுங்கள்.

இந்தக் குழுக்கள் பெரும்பாலும் காத்திருப்பில்தான் உடைகின்றன. யார் வீட்டு வாசலுக்கும் போவதில்லை, எல்லாரும் மெயின் ரோட்டில் ஓரிடத்துக்கு வந்துவிட வேண்டும். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு வண்டி கிளம்பும், கோபித்துக்கொள்ளக் கூடாது. காலைப் பயணம் பெரும்பாலும் ஒழுங்காக நடக்கும். மாலையில் ஒருவருக்கு மீட்டிங் நீளும். மாலைக்கு மட்டும் பஸ் பாஸ் வைத்துக்கொள்கிறவர்கள் இந்தக் குழுக்களில் அதிக நாள் தாக்குப்பிடிக்கிறார்கள்.

ஓட்டத் தெரியாதவர்கள்

பகிர்வில் சேர லைசென்ஸ் வேண்டும் என்றால் வயதானவர்களும் உடல் ஊனமுற்றவர்களும் வெளியே நிற்க வேண்டியதுதான். தமிழ்நாட்டில் இதற்கு ஒரு நல்ல வழி கைவசம் இருக்கிறது: ஆக்டிங் டிரைவர். கார் பொதுவில், டிரைவர் மணிக்கணக்குக்கு. மருத்துவமனை, கோயில், கல்யாணம் என்று மாதம் நாலு முறை போகும் வீட்டுக்குக் கார் வாங்காமலே வேலை முடியும். சம்பள டிரைவருக்கான சட்டப் பொறுப்பைப் பாலிசியில் சேர்க்கக் கூடுதல் பிரீமியம் டிரைவருக்கு 50 ரூபாய்தான். அதைச் சேர்க்காமல் விடுவது முட்டாள்தனம்.

எந்த வண்டி வாங்குவது என்பதிலும் இவர்களை நினைக்க வேண்டும். தாழ்வான செடானில் முழங்கால் வலிக்காரர் குனிந்து விழுந்துதான் உட்கார வேண்டும். எழுவது அதைவிடக் கஷ்டம். உயரமான சிறிய கார்களில் இருக்கை இடுப்பளவில் இருக்கும். கடைக்கு வீட்டுப் பெரியவரையே அழைத்துப்போய் ஏறி இறங்கச் சொல்லுங்கள். சி.என்.ஜி. மலிவு, ஆனால் பெரிய ஒற்றை சிலிண்டர் டிக்கியை விழுங்கிவிடும். மடித்த சக்கர நாற்காலி ஏறாது. இரட்டைச் சிலிண்டர் வண்டிகளில் ஓரளவு இடம் மிஞ்சும். டேப்பால் இரண்டையும் அளந்துவிட்டு முடிவெடுங்கள்.

சக்கர நாற்காலியிலிருந்து ஏற்றும்போது முன் இருக்கையைக் கடைசி வரை பின்னால் தள்ளி, முதுகுச் சாய்வைக் கொஞ்சம் படுக்கவைத்து, இருக்கைமேல் வழுவழுப்பான பாலித்தீன் உறை ஒன்றை விரியுங்கள். நாற்காலியின் பிரேக்கைப் போட்டு, முதலில் இடுப்பு உள்ளே, தலை குனிந்து, கடைசியாகக் கால்கள். உட்கார்ந்தபடியே உறைமேல் சறுக்கித் திரும்பிவிடலாம். உட்கார்ந்ததும் உறையை உருவிவிட வேண்டும், இல்லையென்றால் பிரேக் அடிக்கும்போது சறுக்கும். கதவைப் பிடித்து எழ விடாதீர்கள், அது ஆடும்.

கால் பலமில்லாதவரே ஓட்டவேண்டும் என்றால் ஆட்டோமேட்டிக் காரில் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் கையால் இயக்கும் கருவி பொருத்தலாம். பெடல்கள் அப்படியே இருப்பதால் மற்றவர்களும் வழக்கம்போல் ஓட்டலாம், ஆகவே பகிர்வுக்கு ஏற்றது. இந்த மாற்றத்தை ஆர்.சி.யில் ஏற்றவேண்டும், ஓட்டுகிறவர் லைசென்ஸிலும் அதற்கான குறிப்பு இருக்கவேண்டும். இன்ஷூரன்ஸுக்கும் தெரிவித்துவிடுங்கள்.

யாராவது விலகினால்

வேலை மாறும், வீடு மாறும், ஒருவர் சொந்தக் கார் வாங்குவார். விலகுகிறவர் பங்கின் மதிப்பு என்ன என்று அன்றைக்குப் பேச ஆரம்பித்தால் உறவு கெடும். பாலிசியில் எழுதியிருக்கும் ஐ.டி.வி. தொகையை, அதாவது வண்டியின் காப்பீட்டு மதிப்பை, வைத்துக்கொள்வோம் என்று ஒப்பந்தத்திலேயே போட்டுவிடுவது நல்லது. சந்தை விலையோடு அது காசுக்குக் காசு பொருந்தாது. ஆனால் மூன்றாம் ஆள் எழுதிய எண், எல்லார் கண்ணுக்கும் தெரியும் எண். அதை மூன்றால் வகுத்து, பொது நிதியில் உள்ள பங்கைக் கூட்டி, பாக்கியைக் கழித்து, 60 நாளில் கொடுத்துவிட வேண்டும். விலகுகிறவர் ஆர்.சி.காரராக இருந்தால் 60 நாள் போதாது. கடன் இருந்தால் முதலில் வங்கியின் தடையில்லாச் சான்று, பிறகு ஆர்.டி.ஓ. ஆபீஸில் பெயர் மாற்றம், பிறகு பாலிசி மாற்றம். சண்டை எதுவும் இல்லாத நாளில், எல்லாரும் சிரித்துப் பேசும்போதே, விற்பனைப் படிவம் 29, 30 இரண்டிலும் எந்த இடத்தில் யார் கையெழுத்து என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வெற்றுப் படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டு யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள்.